ஒன்பது கிராம்

ஏற்றுவதும் இறக்குவதும்தான் எவாரிஸ்தோவுக்குத் தொழில்.
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து குன்றின் உச்சிக்கு
கம்பிவடம் இழுக்கும் மரப்பெட்டிகளில்
ஆட்களை அனுப்பிக்கொண்டிருப்பான்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்,
நடுவழியில் ஒரு நொடி
இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளும்.
இருபத்தாறு வருடம்.
அத்தனை காலமும் அவன் ரத்தத்தில்
ஏறிய ஒன்று இறங்கவே இல்லை என்று
ஆஸ்பத்திரித் தாள்தான் சொன்னது.

நான் ரொட்டிக்கடைக்காரி.
கடை வேறொருவருடையது,
தராசும் கல்லாவும் மட்டும் என் பொறுப்பு.
மாலை ஆறு மணிக்கு நான்கு மராக்கெத்தாவை
மார்போடு அணைத்து மேடேறி வருவேன், சூடு ஆறுவதற்குள்.
அதைப் பிய்க்கிற மொறுக் சத்தத்தில்தான்
எங்கள் வீட்டில் பகல் முடியும்.

நர்ஸ் யசென்யா அவன் போனில்
ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள்.
அதையும் ஏற்றத்தான் வேண்டியிருந்தது.
மாவுச்சத்தைக் குறை. விரலைக் குத்து. எண்ணைப் போடு.
சிலுவைக் குறி போட்டுவிட்டுச் சாப்பிட்ட மனிதன்
இப்போது தட்டைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறான்.
முட்டை, பச்சை. பொரித்த மீன், பச்சை.
காலிஃபிளவரைத் துருவிவைத்துச் சோறு என்கிறான்.
நானும் சோறு என்றே பரிமாறுகிறேன்,
பொய்க்குத் துணை நிற்பதும் தாம்பத்தியத்தில் சேர்த்திதான்.

செயலிக்கு எங்கள் ஊர் தெரியாது.
மராக்கெத்தா என்று அடித்தால்
நீங்கள் தேடுவது மார்கரினா என்று கேட்கும்.
இன்று எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கும்,
தினமும், காலை ஏழுக்கு.
நான் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று
என்று எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

ரொட்டியைக் கடையின் பின்கட்டிலேயே
நின்றபடி தின்றுவிட்டு வருவேன்,
கள்ளக் காதல் மாதிரி,
உதட்டு மாவைத் துடைத்துக்கொண்டு.
கதவைத் திறப்பவன் ஒருமுறை மூச்சை இழுப்பான்.
எதுவும் சொல்லமாட்டான்.

ஜூலையில் ஒரு நாள். கடலைக் காணோம், அத்தனை மூடுபனி.
தட்டைக் குறைத்தவன் மாத்திரையைக் குறைக்கவில்லை.
யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
அந்தக் குளிரில் அவனுக்கு வியர்த்திருக்கிறது.
கைப்பிடி இரண்டிரண்டாகத் தெரிய,
எதையோ பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறான்.
இரண்டு பெட்டிகளும் நடுவழியில் தொங்கின,
ஒன்றில் ஆறு பேர், மற்றதில்
ஒரு சைக்கிளும் அதன் சொந்தக்காரனும்.
சுழல்கதவில் காத்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண்
பால்மிட்டாய் இரண்டைப் பிரித்து
அவன் வாயில் திணித்தாளாம்.
பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டாள்.

இரவு, ஒழுங்காக, ஒளிக்காமல் பதிந்தான்:
பால்மிட்டாய், இரண்டு.
செயலி சிவந்தது.
இன்றைய இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்,
மனம் தளராமல் நாளை முயலுங்கள்.

சிரித்தோம். புரையேறுகிற வரை சிரித்தோம்.
பிறகு பாத்திரம் கழுவப் போன நான்
குழாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவைத்தேன்.

மறுநாள் கிளினிக்கில் யசென்யாவைத் திட்டினேன்.
போனைத் திட்ட முடியாதே.
அவள் டாக்டரைக் கூப்பிட்டாள்,
மாத்திரை பாதியானது.
வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன்,
பஸ் வந்துவிட்டது.

செப்டம்பரில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது
போன் சிணுங்க, எடுத்துப் பார்த்தேன்.
'என் உணவுகள்' என்று ஒரு மூலை இருக்கிறது,
பட்டியலில் இல்லாததை நாமே எழுதிக்கொள்ள.
அதில் ஒரே ஒரு வரி:

நோல்ஃபாவின் ரொட்டி, நுனி மட்டும். ஒன்பது கிராம்.

எங்கே நிறுத்தான் என்று தெரியவில்லை.
இன்று மாலை ஒன்றே ஒன்று வாங்கினேன்.
நுனியைக் கிள்ளி என் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பதினாறு காட்டியது.
ரொட்டியின் எடை வேறு, அதற்குள்ளிருக்கும் மாவின் எடை வேறு,
அது எனக்கும் தெரியும்.
இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கிள்ளினேன்.
தள்ளியதை நான் தின்றேன்.
மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு
மேடேறுகிறேன். சூடு ஆறுகிறது.